மீந்த தணலில் வெந்த இனிப்பு

விறகடுப்பு இருந்த காலத்தில் சர்க்கரைவள்ளி சுடுவதற்கென்று யாரும் அடுப்பு மூட்டியதில்லை. சோறு வடித்து, குழம்பு கொதித்து, ரசம் நுரைகட்டி இறங்கிய பிறகு அடுப்பில் என்ன மிஞ்சியதோ அதுதான் கிழங்குக்கு. எரியும் கொள்ளியை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைப்பார்கள். கங்குகளை ஒரு பக்கம் ஒதுக்கி, சுடுசாம்பலில் குழி பறித்து, நாலு கிழங்கைப் படுக்கவைத்து, சாம்பலை இழுத்து மூடி, அதன் மேல் கங்கைப் பரப்புவார்கள். அப்புறம் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். பாத்திரம் விளக்கி, வாசல் பெருக்கி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தால் கிழங்கு வெந்திருக்கும்.

எண்ணெய் இல்லை, உப்பு இல்லை, தனியாக விறகுச் செலவு இல்லை, காவல் இருக்க ஆள் இல்லை. பிள்ளைகளுக்குத் தின்பண்டம் வாங்கக் காசில்லாத வீட்டிலும் சுட்ட கிழங்கு இருந்ததற்கு இதுதான் காரணம். அது மீந்த சூட்டில் வந்த உணவு.

பாலாற்றின் வடகரையில் ராணிப்பேட்டை, தென்கரையில் ஆற்காடு. பக்கத்தில் வாலாஜா, மேல்விஷாரம். மேற்கே போனால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி. தோலும் செருப்பும் பிழைப்பாக இருக்கும் இந்த நீளத்தில் ஒரு கிழங்கைச் சுட்டுத் தின்னும் வழக்கம் ஒரு தலைமுறைக்குள் எப்படித் தேய்ந்தது என்று பார்த்தால், நம் வீட்டுக்குள்ளும் ஊருக்குள்ளும் நடந்த பெரிய மாற்றங்கள் மூன்றையும் பார்த்துவிடலாம். அடுப்பு மாறியது. வீட்டாரின் நேரம் மாறியது. கிழங்கு விளைந்த மண் மாறியது. இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டி ‘அந்தக் காலம் போச்சு’ என்று பெருமூச்சு விடுவது சரியாகாது. ஒன்று போனதே நல்லது. இன்னொன்றை நாமே மீட்டுக்கொள்ளலாம். மற்றொன்றைக் கேட்டுப் போராடித்தான் பெற வேண்டும்.

அன்று: அடுப்பங்கரையும் வெந்நீர் அடுப்பும்

அன்றைய வீட்டில் அடுப்பு என்பது ஒன்றல்ல. சமையல்கட்டில் களிமண்ணால் பூசிய அடுப்பு. அதன் பக்கவாட்டில் ஒரு துளையோடு கோடி அடுப்பு. பெரிய அடுப்பில் எரிகிற நெருப்பின் மிச்சச் சூடு அங்கே போய்ப் பாலையோ குழம்பையோ ஆறாமல் வைத்திருக்கும். கொல்லையில் வெந்நீர் அடுப்பு. மூன்று கல் கூட்டி அதன் மேல் அண்டா. டவுன் பக்கத்தில் தகர டின்னில் மரத்தூளை இறுக்கி நிரப்பி எரிக்கும் தூள் அடுப்பு, நெல் மில் பக்கத்து வீடுகளில் உமி அடுப்பு, கொஞ்சம் வசதி இருந்தால் கரி போடும் குமுட்டி அடுப்பு.

கிழங்கு சுட வெந்நீர் அடுப்பே சிறந்தது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். சமையல் அடுப்பில் கைவைத்தால் அம்மாவோ ஆயாவோ அதட்டுவார்கள். வெந்நீர் அடுப்பில் கேட்க ஆளில்லை. வேலிகாத்தான் கட்டையோ தென்னை மட்டையோ எரிந்து தணிந்த பிறகு அதன் சாம்பல் முழங்கை ஆழம் சூடாகக் கிடக்கும். கிழங்கு, மல்லாட்டை, பலாக்கொட்டை எல்லாம் அந்தச் சாம்பலுக்குள் போகும். மார்கழி, தை மாதக் காலையில் குளித்து முடித்துத் தலை துவட்டுவதற்குள் ஒரு பிள்ளை குச்சியை எடுத்துச் சாம்பலைக் கிளறிக்கொண்டிருக்கும்.

தை மாதமே கிழங்கின் மாதம். பொங்கலுக்கு முந்தைய சந்தையில் கரும்பு, மஞ்சள் கொத்து, பூசணி, மொச்சை, கருணை, சேப்பங்கிழங்கோடு சர்க்கரைவள்ளியும் குவிந்திருக்கும். பொங்கலன்று மொச்சையும் பூசணியும் போட்ட குழம்பில் அதன் துண்டுகள் சேரும். மீதி, மாட்டுப்பொங்கல் கழிந்தும் சாக்கின் மூலையில் கிடக்கும். அந்த மீதிக்கு ருசி அதிகம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னது சரிதான். தோண்டி எடுத்த கிழங்கைக் காற்றாட நாலைந்து நாள் போட்டுவைத்தால் தோலில் பட்ட காயம் ஆறும். மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாகத் திரும்பும். சாக்கு காலியாவதற்குள் மாசி சிவராத்திரி வந்துவிடும். ஆந்திர எல்லையை ஒட்டிய இந்தப் பக்கத்தில் சிவராத்திரி விரதத்துக்கும் அவித்த வள்ளிக்கிழங்கு உண்டு.

அன்றைய தோல் தொழிலுக்கும் இந்த அடுப்புக்கும்கூட ஒரு தொடர்பு இருந்தது. குரோமியம் வருவதற்கு முன்னால் இங்கே தோலைப் பதமாக்கியது சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். தரிசெல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடந்த ஆவாரையை வெட்டி, பட்டையை உரித்துத் தோல் ஷாப்புக்குக் கொடுப்பார்கள். பட்டை உரித்த குச்சி அடுப்புக்கு. ஒரு செடியின் தோல் மாட்டுத்தோலைப் பதமாக்கியது. அதன் தண்டு வீட்டில் உலை வைத்தது.

அந்த இனிப்பு எங்கிருந்து வந்தது

சாம்பலில் சுட்ட கிழங்கு அவித்த கிழங்கைவிட இனிப்பாக இருப்பது நாக்கின் மயக்கமில்லை. சர்க்கரைவள்ளிக்குள் பீட்டா அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. கிழங்கின் உட்புறம் ஏறத்தாழ 60 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும்போது மாவுச்சத்து இளகும். அந்த நேரத்தில் இந்த நொதி அதை மால்டோஸ் என்ற சர்க்கரையாக வெட்டித் தள்ளும். சூடு அதற்கு மேலே ஏறினால் நொதி செத்துவிடும். இனிப்பு ஊறுவதும் அத்தோடு நிற்கும். அதனால் கிழங்கு அந்த இடைப்பட்ட சூட்டில் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு இனிக்கும். மைக்ரோவேவில் ஐந்தாறு நிமிடத்தில் வேகும் கிழங்கு சப்பென்று இருப்பதும், ஒரு மணி நேரம் சாம்பலில் கிடந்த கிழங்கின் தோலில் பாகு கசிந்து கறுத்து ஒட்டியிருப்பதும் இதனால்தான்.

சாம்பல் இந்த வேலைக்காகவே அமைந்த பொருள். அது சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். மேலே இருக்கும் கங்கின் கடுமை கிழங்கில் நேராகப் படாமல் தடுத்து, உள்ளே சீரான வெப்பத்தை வைத்திருக்கும். நேரம் ஆக ஆக அடுப்பு தானாகவே தணியும்; கிழங்கு கருகாது. நொதியின் பெயர் தெரியாமலேயே நம் வீட்டுப் பெண்கள் அதற்குத் தேவையான சூட்டையும் நேரத்தையும் கொடுத்து வந்தார்கள்.

இந்தக் கிழங்கு பிறந்த இடம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. 1492 டிசம்பரில் கொலம்பஸ் கரையிறங்கிய ஹிஸ்பானியோலா தீவில் தாய்னோ மக்கள் மண்ணை மேடாகக் குவித்து அதைப் பயிரிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தீவின் கிழக்குப் பகுதிதான் இன்றைய டொமினிகன் குடியரசு. அங்கிருந்து ஸ்பெயினுக்குப் போன கிழங்கு, போர்த்துக்கீசியர் கப்பலில் இந்தியக் கரைக்கு வந்தது. மிளகாயும் மல்லாட்டையும் மரவள்ளியும் பப்பாளியும் கொய்யாவும் அதே கண்டத்திலிருந்து வந்த உறவுகள்தான்.

டொமினிகன் வீடுகளில் விரும்பிச் சுடும் சர்க்கரைவள்ளியும் நம் சந்தையில் கிடைக்கும் கிழங்கும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். வெளியே சிவந்த தோல், உள்ளே வெளிர்ந்த சதை. அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் ஈரப்பசை மிகுந்த ஆரஞ்சுக் கிழங்கு போல் குழையாது, மாவாக உதிரும். அங்கே அதைத் தோலோடு மரக்கரித் தணலில் வைத்து, அவ்வப்போது புரட்டிச் சுடுவது பழைய முறை. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் சிறிய கரி அடுப்புக்கு அனாஃபே என்று பெயர். நம் குமுட்டிக்கு அது தூரத்துச் சகோதரி. தவக்காலம் வந்தால் சிவப்புப் பயற்றை வேகவைத்து மசித்துத் தேங்காய்ப்பால், சர்க்கரையோடு காய்ச்சி, அதில் சர்க்கரைவள்ளித் துண்டுகளைப் போட்டு ஊரெல்லாம் பகிர்ந்து குடிப்பார்கள். நம் பொங்கல் குழம்பில் மொச்சையோடு கிழங்கு சேர்வதை நினைத்துப் பாருங்கள். கடல் தாண்டிய இரண்டு ஊர்கள், ஒன்றையொன்று அறியாமலே, பண்டிகை நாளில் பயற்றையும் கிழங்கையும் ஒரே பானையில் சேர்த்திருக்கின்றன.

அடுப்பு மாறியது: அது நல்லதே

அந்தச் சாம்பலின் ருசியைப் பேசும்போது அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை மறந்துவிடக் கூடாது. ஊதாங்குழல் பிடித்து, கண் சிவந்து, இருமி இருமிச் சமைத்தவர்கள் பெண்கள். ஈர விறகு வந்த நாளில் வீடு முழுக்கப் புகை. மடியில் கைக்குழந்தை. சமையல் புகை எவ்வளவு நச்சு என்பதைத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலேயே அளந்து காட்டியவர்களில் முதன்மையானவர் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன். உலக அளவில் வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கிழங்கின் ருசிக்காக அந்தப் புகையை யாரும் திரும்ப அழைக்கக் கூடாது.

எரிவாயு நம் வீடுகளுக்குப் படிப்படியாக வந்தது. சம்பளக்காரர் வீடுகளில் முதலில். மண்ணெண்ணெய் ஸ்டவ் நடுவில். 2006இல் பொறுப்பேற்ற தி.மு.க. அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்போடு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது. மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே 1 அன்று தொடங்கியது. தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் கிடைத்த கூலியால் அடுப்பங்கரை மேடையாக உயர்ந்தது. நின்றுகொண்டு சமைக்கும் வசதி வந்தது.

டொமினிகன் குடியரசிலும் இதே மாற்றம் நடந்தது. அங்கே காரணம் காடு. மரக்கரிக்காகக் காடுகள் அழிந்துகொண்டிருந்ததால் அரசே எரிவாயுவுக்கு மானியம் கொடுத்து மக்களைக் கரியடுப்பிலிருந்து மாற்றியது. அதே தீவின் மேற்குப் பகுதியான ஹைட்டியில் கரி தொடர்ந்தது. இரண்டு நாடுகளின் எல்லையை வானிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் பச்சை, மறு பக்கம் மொட்டை என்று தெரியும். டொமினிகன் வீடுகளிலும் இன்று பலர் கிழங்கை ஓவனில்தான் சுடுகிறார்கள்.

எரிவாயு அடுப்பில் இல்லாதது ஒன்றே ஒன்று. திருகை மூடியதும் நெருப்பு போய்விடுகிறது. அதில் மீந்த சூடு என்பதே கிடையாது. சமையல் முடிந்த அடுப்பு எதற்கும் உதவாது. அதனால் கிழங்கு சுட வேண்டுமென்றால் அதற்கென்றே அடுப்புப் பற்றவைக்க வேண்டும். அதற்கென்றே நேரம் ஒதுக்க வேண்டும். இலவசமாக வந்த தின்பண்டம் திட்டமிட்டுச் செய்யும் பண்டமாக மாறியது இங்கேதான். வெந்நீர் அடுப்பு போய் ஹீட்டர் வந்ததும் கொல்லைச் சாம்பலும் போயிற்று.

நேரமும் மாறியது. இந்தப் பகுதியின் ஷூ கம்பெனிகளில் மேல்தோல் தைப்பதும் ஒட்டுவதும் பெரும்பாலும் பெண்கள் கையில். விடிகாலையிலேயே கிராமத்துக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். அதற்குள் சோறும் குழம்பும் முடித்து டப்பாவில் கட்ட வேண்டும். மாலையில் திரும்பி வந்த உடம்புக்கு ஒரு மணி நேரம் அடுப்புப் பக்கம் நிற்கத் தெம்பிருக்காது. குக்கரில் மூன்று விசில் விட்டால் கிழங்கு வெந்துவிடும். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

மீந்த தணல் ஊரில் முற்றாக இல்லாமல் போய்விடவில்லை. ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் கல்யாண பிரியாணி இன்றும் விறகில்தான் வேகிறது. தேக்சாவை மூடி, மூடிமேல் தணலைக் கொட்டி தம் போடும் அந்த முறை, மேலும் கீழும் மெல்லிய சூட்டை வைத்து உணவைத் தானே பதமாக விடுவது. சாம்பலில் கிழங்கு சுடுவதன் இலக்கணமும் அதுவே. மக்காச்சோளம் சுடும் தள்ளுவண்டியிலும் கரி இருக்கிறது. சோளம் பத்து நிமிடத்தில் சுட்டுவிடும், வாடிக்கையாளர் நிற்பார். கிழங்குக்கு ஒரு மணி நேரம் யார் நிற்பது? டெல்லியில் குளிர்காலத்தில் சர்க்கரைவள்ளி வண்டிக்காரர்கள் தணலை மாலை முழுவதும் அணையாமல் வைத்து, முன்கூட்டியே சுட்டு அடுக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து மசாலா தூவி விற்கிறார்கள். நம் பக்கம் கிழங்கு அவித்துத்தான் விற்பனைக்கு வந்தது; பள்ளிக்கூட வாசலில் தட்டில் அடுக்கியிருந்த கிழங்கும் அவித்ததே. சுட்ட கிழங்கு எப்போதும் வீட்டின் பண்டமாகவே இருந்தது. வீட்டில் நின்றதும், ஊரிலும் நின்றுவிட்டது.

மண் மாறியது: அது நல்லதல்ல

சர்க்கரைவள்ளி பிடிவாதம் இல்லாத பயிர். பொலபொலவென்ற மணல் கலந்த மண், தண்ணீர் தேங்காத பார், அவ்வளவு போதும். விதை வேண்டாம், நாலைந்து கணு உள்ள கொடித் துண்டை ஒடித்து 60 சென்டிமீட்டர் இடைவெளிப் பார்களில் ஒரு சாண் தள்ளித் தள்ளிப் பதித்தால் நான்கு மாதத்தில் கிழங்கு. கிணற்றடி வாய்க்கால் ஓரத்திலும் கொல்லையில் பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்திலும் நாலு கொடி கிடந்தால் வீட்டுக்கு ஆகும்.

ஆனால் அது உப்பைத் தாங்காது. தோல் தொழில் உப்பில் தொடங்குகிறது. உரித்த தோல் அழுகாமல் இருக்க உப்பில் போட்டுத்தான் தோல் மண்டிக்கு வரும். அதைக் கழுவும்போது அத்தனை உப்பும் தண்ணீரில் போகும். ஒரு கிலோ தோலைப் பதமாக்கி முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. பட்டைப் பதம் போய் குரோமியப் பதம் பெருகிய பிறகு உப்போடு ரசாயனமும் சேர்ந்தது. பாலாறோ ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. மேலே விட்ட கழிவு மணல் வழியாக இறங்கி, இரு கரைக் கிணறுகளிலும் ஊறியது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டதை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டதற்கு நம் பாலாற்று வழக்கு ஒரு முக்கியக் காரணம். சட்டக் கல்லூரிகளில் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் இயங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டபோது, ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவைக் குவியலாக விட்டுவிட்டுப் போனது. மழை பெய்யும்போதெல்லாம் அது கரைந்து நிலத்தடிக்கு இறங்கியது. 2006இல் நியூயார்க்கின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் உலகில் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது அதில் ராணிப்பேட்டையின் பெயர் இருந்தது. தேசிங்கு ராஜனின் ராணி நினைவாக எழுந்தது என்று பெருமையோடு சொல்லும் ஊருக்கு அப்படி ஒரு பட்டியலில் இடம் கிடைத்தது நெஞ்சைச் சுடும் செய்தி.

தோல் தொழிலை வெறுத்து இதைச் சொல்லவில்லை. இந்தப் பகுதியில் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, வீடு என்று எதைத் தொட்டாலும் அதில் தோல் கூலியின் பங்கும் தோல் வணிகரின் கொடையும் இருக்கும். மேல்விஷாரத்துக் கல்லூரி சி. அப்துல் ஹக்கீம் பெயரைத் தாங்கி நிற்கிறதே, அவர் தோல் வணிகத்தில் சம்பாதித்து அள்ளிக் கொடுத்த மனிதர். தொழில் வேண்டும். மண்ணைக் கெடுக்காத தொழிலாக அது வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்பதில் முரண் இல்லை.

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது மக்கள் பாலத்தில் கூட்டமாக நின்று பார்த்தார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். ஆறு உயிரோடு இருப்பதைப் பார்க்க இந்த ஊருக்கு எவ்வளவு ஏக்கம் என்பது அன்று தெரிந்தது.

இன்று: எரிவாயு அடுப்பில் சாம்பலின் வேலை

மெதுவான சூடு வேண்டும், புகை வேண்டாம். இன்றைய சமையல்கட்டிலேயே அது நடக்கும்.

கிழங்கு வாங்கும்போது பருமனானதை விட்டு, ஒரே அளவில் நடுத்தரமாக இருப்பதை எடுங்கள். ஒவ்வொன்றும் 200 கிராம் அளவில் இருந்தால் ஒன்றுபோல வேகும். சிறு துளைகள் இருந்தால் வேண்டாம். அது கூன்வண்டு துளைத்தது. அந்த இடத்தில் கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருள் கசக்கும், உடம்புக்கும் ஆகாது. வாங்கிய கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் அதன் நடுப்பகுதி இறுகிவிடும், எவ்வளவு சுட்டாலும் இளகாது. காற்றாடும் கூடையில் சில நாள் கிடக்கட்டும்.

மண்ணைக் கழுவித் துடைத்து ஈரம் உலர விடுங்கள். தோல் சீவ வேண்டாம். பாகை உள்ளே காப்பது தோல்தான். கனமான இரும்பு வாணலியிலோ மண்சட்டியிலோ இரண்டு விரல் உயரம் சலித்த ஆற்றுமணலோ கல்லுப்போ பரப்பி, மேலே கிழங்கை வைத்து, இறுக்கமான மூடி போடுங்கள். சிறிய பர்னர், சிம் அளவு. மணல் குளிர்ந்திருக்கும்போதே கிழங்கை வைத்துவிடுவது நல்லது. சட்டியோடு சேர்ந்து அதுவும் மெதுவாகச் சூடேறும். அரை மணிக்கு ஒரு தரம் புரட்டினால் போதும். ஒரு மணி நேரத்தில் தோல் சுருங்கிப் பாகு கசியும். துணியால் பிடித்து அழுத்தினால் அமுங்கும். அடுப்பை அணைத்து இன்னும் பத்து நிமிடம் மூடியோடு விடுங்கள். ஒட்டாத பூச்சு போட்ட தவாவை இதற்கு எடுக்க வேண்டாம், வெறுஞ்சூட்டில் பூச்சு கெடும். தண்ணீர் இல்லாமல் குக்கரை வைத்தால் கேஸ்கெட்டும் வால்வும் போகும். 14.2 கிலோ சிலிண்டரில் இந்த ஒரு மணி நேரத்துக்குச் சில பத்து கிராம்தான் செலவு.

ஓவன் இருந்தால் முன்கூட்டிச் சூடாக்காமல் கிழங்கை வைத்து 180 முதல் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் விடலாம். மொட்டை மாடி இருப்பவர்கள் குமுட்டி அடுப்பில் கரி போட்டு, கரி வெளுத்துச் சாம்பல் பூத்த பிறகு டொமினிகன் பாட்டிகளைப் போலப் புரட்டிச் சுடலாம். மூடிய அறைக்குள் கரி அடுப்பைக் கொண்டுபோகவே கூடாது. அதன் கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் உயிரைப் பறிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி பஸ் வராது. துணி துவைக்கும் நேரத்தில் சட்டி பின்கட்டு அடுப்பில் இருக்கட்டும். அன்று போலவே இன்றும் கிழங்குக்குக் காவல் தேவையில்லை.

அன்று பசிக்கு, இன்று உடம்பறிந்து

இன்னொரு மாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். ஏர் பிடித்தவரும் களை எடுத்தவரும் தோல் சுமந்தவரும் தின்ற கிழங்கு அது. இன்று நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகச் சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் கண்டது. ‘சர்க்கரைவள்ளி உடம்புக்கு நல்லது’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எப்படிச் சமைத்தது என்றும் கேட்க வேண்டும்.

டொமினிகன் குடியரசுக்கு மேற்கே இருக்கும் ஜமைக்காவில் பத்து வகைச் சர்க்கரைவள்ளிகளை வைத்து நடந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. அவித்த கிழங்கின் சர்க்கரை உயர்த்தும் குறியீடு 41 முதல் 50க்குள் இருந்தது. தணலில் சுட்டதும் அது 79 முதல் 93 வரை ஏறியது. நொதி செய்யும் அதே வேலைதான். நாக்குக்கு இனிப்பது ரத்தத்திலும் விரைவாகக் கலக்கிறது. ஆகவே சர்க்கரை உள்ளவர்கள் அவித்ததை அளவோடு, மொச்சையோ சுண்டலோ சேர்த்துச் சாப்பிடட்டும். ஓடியாடும் பிள்ளைகளுக்குச் சுட்டது இருக்கட்டும். பாக்கெட் சிப்ஸுக்குப் பதில் அது எவ்வளவோ மேல்.

பிள்ளைகளுக்கு இன்னும் நல்ல கிழங்கும் இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்தியக் கிழங்கு வகைப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் ‘பூ சோனா’ என்ற ஆரஞ்சுச் சதை ரகத்தைத் தந்திருக்கிறது. அதன் 100 கிராமில் 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின்; உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும், கண்ணுக்குப் பலம். ‘பூ கிருஷ்ணா’ என்ற ஊதாச் சதை ரகமும் உண்டு. ஆப்பிரிக்கக் குழந்தைகளின் கண்ணொளியைக் காக்க ஆரஞ்சு சர்க்கரைவள்ளியைப் பரப்பியவர்களுக்கு 2016இல் உலக உணவுப் பரிசே கிடைத்தது. நம் கொல்லையில் நாலு கொடி நடுவதாக இருந்தால் அந்தக் கொடிகளையே தேடி நடலாம். சத்துணவில் சேர்த்தால் இன்னும் நல்லது.

மெதுவான சூட்டை இந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டுக்குக் கொண்டுவரலாம். புகையை ஒழித்தாயிற்று, அது ஒழிந்தபடியே இருக்கட்டும். மிஞ்சியிருப்பது மண். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்று மாசைக் கையில் எடுத்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கவும், நிலத்தைச் சீர்செய்யவும், அந்தச் செலவை மாசுபடுத்தியவர்களிடமே வசூலிக்கவும் சொல்லியிருக்கிறது. 1991இல் கேட்ட கேள்வியை ஒரு தலைமுறை கடந்தும் கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டியிருக்கிறது. ராணிப்பேட்டை 2019 நவம்பர் 28 முதல் தனி மாவட்டம். ஆட்சியர் அலுவலகம் ஊரிலேயே இருக்கிறது. கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு, கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள், நிலம் எப்போது தேறும் என்று அங்கே எழுந்து கேட்போம். பதிலை எழுத்தில் வாங்குவோம். மறுபடியும் இந்த மண்ணில் விளைந்த கிழங்கை நம் பிள்ளைகள் தின்ன வேண்டுமென்றால் அதற்கு வழி இது ஒன்றுதான்.